மேல் எது, கீழ் எது?

ரியாக்டர் வெடித்ததும் சைரன் அலற ஆரம்பித்துவிட்டது. கவுன்ட்டவுன் ஓடுகிறது. வெளியேறும் கதவு எந்தப் பக்கம்?

இன்று மறுபடியும் 'டிசென்ட்' என்ற கணினி விளையாட்டை ஆடினேன். 1995இல் பாரலாக்ஸ் சாஃப்ட்வேர் உருவாக்கியது.

ஷூட்டர், அதாவது சுட்டுத்தள்ளும் விளையாட்டு என்றால் 'டூம்' பற்றிப் பேசாத ஆளில்லை. அதே வகையான 'குவேக்'கைக் கொண்டாடுகிறார்கள், சரி, கொண்டாடட்டும். ஆனால் குவேக்குக்கு ஒரு வருடம் முன்பே முப்பரிமாண எதிரிகளோடு வந்த இதை ஏன் இப்படி மறந்துபோனோம்?

இதில் தரை என்று ஒன்று கிடையாது.

சின்ன விண்கலத்தில் சுரங்கத்துக்குள் பறக்க வேண்டும். முன்னே, பின்னே, மேலே, கீழே, பக்கவாட்டில் நகரலாம். அப்புறம் எந்தத் திசையிலும் சுழலலாம். வைரஸ் பிடித்த சுரங்க ரோபோக்கள் தலைக்கு மேலிருந்தும் வரும், காலடியிலிருந்தும் வரும். ஒரு சண்டை முடிந்து நிமிர்ந்தால், நாம் நுழைந்த வாசல் கூரையில் இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெளிச்சத்துக்காகச் சுடும் ஃப்ளேர்தான். இருட்டுப் பாதையில் ஒன்றைச் சுட்டால் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் எரியும். அந்த வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் ஏதோ அசையும். முன்னே போவதா, காத்திருப்பதா? நெஞ்சு படபடக்கும்.

இன்றைய ஷூட்டர்கள் பார்க்கப் பல மடங்கு அழகு. ஆனாலும் பெரும்பாலானவை இன்னும் தரையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. திசை என்பதையே மனசு புதிதாகக் கற்றுக்கொள்ளும் அனுபவம் எனக்கு இதில்தான் கிடைத்தது.

ஆடாதவர்கள் ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஆரம்பத்தில் தலை சுற்றும். விட்டுவிடாதீர்கள்.