குரல் வரும் வரை

6 செப்டம்பர் 2024, வெள்ளி

புதுப் பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வரவேண்டும் என்று உலகம் முழுக்க முடிவானது 2015 ஜூலையில். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே பரபரப்பு, சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரே சலிப்பு. மூன்று முறை கேட்காமல் எந்த ஆல்பத்தைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று இந்த வருஷம் ஒரு விரதம் எடுத்திருந்தேன். இன்றைக்கே அதை முறிக்கிறேன்.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மோரின் புது ஆல்பம் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’. ஒன்பது வருஷ இடைவெளி, ஆளுக்கு வயது 78. தலைப்புப் பாட்டில் கீபோர்டு வாசித்திருப்பவர் அவருடைய பழைய குழுத் தோழர் ரிச்சர்ட் ரைட். அவர் 2008-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 2007-ல் கில்மோர் வீட்டுக் கொட்டகையில் நாலு பேர் சும்மா கூடி வாசித்தது பதிவாகிக் கிடந்திருக்கிறது. அதை எடுத்துவைத்து, அதன்மேல் இப்போது பாட்டைக் கட்டியிருக்கிறார். அந்தக் கீபோர்டு உள்ளே நுழையும் இடம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ரைட் எப்போதுமே சத்தமில்லாமல்தான் வருவார்.

தயாரிப்பாளர் சார்லி ஆண்ட்ரூ, “இந்த இடத்தில் எதற்குக் கிட்டார் சோலோ?” என்று கில்மோரிடமே கேட்டாராம். அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததால்தான் இந்த ஆல்பம் தப்பித்தது என்பது என் கட்சி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது மகள் ரோமனி பாடியதுதான். எந்த அலங்காரமும் இல்லாத குரல்; அப்பா கடைசியில் கிட்டாரோடு வந்து பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவே.

தம்பி நேற்று ராத்திரியே கூப்பிட்டுவிட்டான்.

“அக்கா, பாத்தியா? லிங்கின் பார்க் வந்துட்டாங்க. புதுசா ஒரு பொண்ணு பாடுது.”

“பாட்டு எப்படிடா?”

“நல்லாத்தான் இருக்கு. அதுதான் கடுப்பா இருக்கு.”

அவன் பள்ளிக்கூட வயசு முழுக்க அந்த ராக் குழுவின் பழைய பாடகர் செஸ்டர் பென்னிங்டன் குரல்தான். 2017-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்று சாப்பிடாமல் படுத்தவன். நான் ஒன்றும் சொல்லவில்லை.

27 செப்டம்பர், வெள்ளி

தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவிடமிருந்து, 16 வருஷத்துக்குப் பிறகு ஒரு புதுப் பாட்டு: ‘அலோன்’. ஏறக்குறைய ஏழு நிமிஷம். அதில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறப்பதற்கே மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. பாடலில்லாத வெறும் இசைப் பதிப்பைத் தவறிப்போய்ப் போட்டுவிட்டேனோ என்று நடுவில் ஒருமுறை திரையைப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டைக் கேட்டதாகக் கணக்கு. இன்றைய பாப் பாட்டுகள் முதல் வரியிலேயே சட்டையைப் பிடித்து இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முன்னிசை என்ற ஒன்றையே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். இங்கே ட்ரம்ஸ் ஏதோ கனமான சாமானை மாடிக்கு ஏற்றுவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கி ஏறுகிறது, பாடகர் எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் குரல் வந்தபோது, அது 1989-ல் கேட்ட அதே குரல். 65 வயதுக்காரருக்கு இது எப்படிச் சாத்தியம் என்று யாராவது விளக்கினால் தேவலை.

4 அக்டோபர், வெள்ளி

கோல்ட்ப்ளே குழுவின் புது ஆல்பம் ‘மூன் மியூசிக்’. இசைத்தட்டை மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். ஒரு தட்டுக்கு ஒன்பது பிளாஸ்டிக் பாட்டில்கள். நல்ல காரியம். பாட்டுகளைப் பற்றிச் சொல்ல அந்த அளவுக்கு இல்லை. பன்னிரண்டு ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் சொல்லியிருக்கிறார், இது பத்தாவது. மிச்சம் இரண்டையும் பொறுமையாகச் செய்யலாம், யாரும் அவசரப்படுத்தவில்லை.

12 அக்டோபர், சனி

பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் ஜூனில் போட்ட ‘பிராட்’ ஆல்பத்தையே நேற்று மறுபடி போட்டிருக்கிறார், ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு வேறு ஆட்களைக் கூப்பிட்டு. காசு பார்க்கும் வேலை என்றுதான் நினைத்து உட்கார்ந்தேன். அப்படியில்லை. பல பாட்டுகளில் பழையதிலிருந்து ஒன்றிரண்டு வரிகள்தான் மிச்சம், மற்றதெல்லாம் புதுசு.

ஆனால் இந்த யோசனையின் உச்சம் ஜூனிலேயே வந்துவிட்டது. இன்னொரு பாடகியோடு தனக்கு இருக்கும் குழப்பத்தை, அவளுக்கு என்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்ற குமைச்சலை, சார்லி பாட்டாக்கியிருந்தார். பெயர் சொல்லவில்லை, லார்ட் என்று எல்லோரும் ஊகித்தார்கள். இரண்டே வாரத்தில் லார்டே வந்து அதே பாட்டுக்குள் நின்று பதில் பாடிவிட்டார். நேரில் பேசியிருந்தால் சண்டையிலோ அழுகையிலோ முடிந்திருக்கும். தாளத்துக்குள் பேசியதால் இருவருமே பொய் சொல்ல முடியவில்லை. பாப் இசையை மேலோட்டம் என்கிறவர்களுக்கு நான் போட்டுக்காட்டுவது இதைத்தான்.

22 அக்டோபர், செவ்வாய்

ரோஸேயும் புருனோ மார்ஸும் பாடியிருக்கும் ‘ஆப்பட்’. கொரியாவில் மது மேஜையில் ஆடும் ஒரு விளையாட்டுதான் கோரஸ்: ‘அபார்ட்மெண்ட்’ என்பதன் கொரிய உச்சரிப்பை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. மூன்று நிமிஷம்கூட இல்லை. வெள்ளியிலிருந்து பல் தேய்க்கும்போது, கணக்கு எழுதும்போது, எல்லா நேரமும் மண்டைக்குள் இதுதான். விமர்சனம் எழுதும் நிலையில் நான் இல்லை.

2 நவம்பர், சனி

க்யூர் ஆல்பம் வந்துவிட்டது. ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’. எட்டே பாட்டு, 49 நிமிஷம். 31 பாட்டோடு ஆல்பம் வந்த வருஷத்தில் எட்டு என்பதே ஒரு மரியாதை.

நேற்று முழுசாக ஒருமுறை, இன்று இருட்டில் ஒருமுறை. இருட்டில் கேட்டது சரி. அண்ணன் ரிச்சர்டின் சாவைப் பற்றி ஸ்மித் எழுதிய பாட்டு ஒன்று நடுவில் வருகிறது. பியானோவில் சில சுரங்கள், அவையே திரும்பத் திரும்ப. துக்க வீட்டில் ஒருவர் ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாரே, அப்படி. அழவைக்க வேண்டும் என்ற முயற்சியே இல்லை, அதனால்தான் தாங்க முடியவில்லை.

கடைசிப் பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல். குரல் வருவதற்குள் ஆறு நிமிஷம் போய்விடுகிறது. ‘அலோன்’ பழக்கிவிட்டதால் இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. எப்போது பாடுவார் என்று காத்திருப்பது நாலாவது நிமிஷத்தில் நின்றுபோனது. பாடாமலே முடித்துவிட்டாலும் சரி என்று தோன்றிய நேரத்தில் பாட ஆரம்பித்தார்.

குறை இல்லாமலில்லை. ஐந்தாவது பாட்டு எனக்கு வெறும் இரைச்சல். பல இடங்களில் ட்ரம்ஸ் குரலை மிதிக்கிறது. நேற்று லண்டனில் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்து, பழையவற்றோடு சேர்த்து மொத்தம் 31 பாட்டு பாடியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஆசையை அங்கே தீர்த்துக்கொண்டார்கள் போலும்.

16 நவம்பர், சனி

லிங்கின் பார்க்கின் புது ஆல்பம் ‘ஃப்ரம் ஸீரோ’. தம்பி கேட்கமாட்டேன் என்றான், நானும் வற்புறுத்தவில்லை. தனியாகத்தான் கேட்டேன்.

முதல் சிங்கிளை இப்போது மறுபடி கேட்கும்போதுதான் அதன் சூட்சுமம் புரிந்தது. முதல் பத்தியும் கோரஸும் குழுவின் பழைய ஆள் மைக் ஷினோடா பாடுகிறார். புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங் இரண்டாவது பத்தியில்தான் வருகிறார். புது மருமகளை வாசலில் கொஞ்சம் நிறுத்தி, வீட்டார் எல்லோரும் பார்த்த பிறகு உள்ளே அழைப்பதுபோல. ஏழு வருஷம் காலியாக இருந்த நாற்காலியில் யாரும் தடாலென்று உட்கார்ந்துவிட முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எமிலி செஸ்டரைப்போலப் பாடவில்லை. அவர் அலறினால் கண்ணாடி உடைவதுபோல இருக்கும், இவருடையது தகரத்தைக் கிழிப்பதுபோல. 2007-ல் ஒரு பாட்டில் செஸ்டர் 17 விநாடி மூச்சுவிடாமல் அலறுவார். இதிலும் ஒரு நீண்ட அலறல் இருக்கிறது. சவால் விடுவதாக எனக்குத் தோன்றவில்லை, வணக்கம் சொல்வதாகவே பட்டது. ஆல்பம் முப்பது நிமிஷத்தைச் சற்றே தாண்டுகிறது. பாதிப் பாட்டுகள் பழைய அச்சில் வார்த்தவை. பெயரே பழசுதான்: ஆரம்பத்தில் இந்தக் குழுவின் பெயர் ஸீரோ, எழுத்து மட்டும் வேறு.

ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி: “மூணாவது பாட்டு பரவால்ல.”

கேட்கமாட்டேன் என்றவன்.

24 நவம்பர், ஞாயிறு

அமெரிக்கப் பாடகர் ஃபாதர் ஜான் மிஸ்டியின் புது ஆல்பத்தின் பெயர் ‘மஹாஷ்மஷானா’. அமெரிக்க விமர்சகர்கள் இதை எப்படி உச்சரிப்பது என்று திணறியிருப்பார்கள். நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை: பெரிய மயானம். சமஸ்கிருதத்திலிருந்து எடுத்திருக்கிறார். தலைப்புப் பாட்டு மட்டும் ஒன்பது நிமிஷத்துக்கு மேல், வயலின்கள் அலையலையாக ஏறிக்கொண்டே போகின்றன. மயானத்துக்கு இவ்வளவு ஜோடனையா என்று முதலில் எரிச்சல் வந்தது. இரண்டாவது முறை எரிச்சல் கொஞ்சம் குறைந்தது.

இரண்டு முறைதான் ஆகியிருக்கிறது. விரதம் ஞாபகம் இருக்கிறது. மிச்சம் மூன்றாவது முறை கேட்ட பிறகு.