இண்டென்டில் எழுதாதது டெண்டரில் வராது

பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு கெட்ட பெயர் நிச்சயம். கேட்டதை நேரத்துக்கு வாங்கித் தருவதில்லை என்பது ஒன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று எதையோ வாங்கித் துறைகளின் தலையில் கட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. சமீப காலமாக மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: சுற்றுச்சூழலைப் பற்றி இவர்களுக்குக் கவலையே கிடையாதாம்.

இந்த மூன்றாவதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கோப்பு எங்கள் மேஜைக்கு வரும்போது பெரும்பாலான முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பொருள், எத்தனை, என்ன அளவு, என்ன திறன் எல்லாமே இண்டென்டில், அதாவது துறை அனுப்பும் தேவைப் படிவத்தில் எழுதி, துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு வந்திருக்கும். அதை வைத்துத்தான் டெண்டர் போகும். வந்த விலைப்புள்ளிகளைப் பிரித்து, எழுதிய தகுதிகள் எல்லாம் உள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர் கொடுப்போம். அந்தக் கட்டத்தில் "இது மின்சாரம் அதிகம் இழுக்குமே, அடுத்ததை வாங்கலாமே" என்று யாராவது சொன்னால், கேட்க நன்றாக இருக்குமே தவிர, செய்ய முடியாது. எழுதாத தகுதியை வைத்து ஒருவரைத் தள்ளினால் தணிக்கையில் கேள்வி வரும். வரத்தான் வேண்டும், அது நியாயமான கேள்வி.

ஆகவே என் அனுபவத்தில், பசுமைக் கொள்முதல் என்று பெரிய பெயர் சொல்வதெல்லாம் கடைசியில் இண்டென்டில் வந்து நிற்கிறது. கமிட்டி அறையில் பேசுவதைவிட, பொருளின் தகுதிகளைச் சொல்லும் அந்த நாலு வரி ஸ்பெசிஃபிகேஷனை யார் எழுதுகிறார்கள், எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். பலர் பழைய இண்டென்டை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். சிலர் விற்பனையாளர் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஆராய்ச்சியில் அவ்வளவு கறாராக இருக்கிற பேராசிரியர்கள்கூட இந்தத் தாளில் கை தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது உயிரியல் ஆய்வகங்களில் ஆய்வு மாதிரிகளைப் பாதுகாக்க வாங்குகிற மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். பார்க்க ஒரு பீரோ மாதிரி மூலையில் நிற்கும். ஆனால் பழைய மாடல் ஒன்று ஒரு நாளைக்கு 20 யூனிட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். புரொப்பேன், ஈத்தேன் போன்ற வாயுக்களைக் குளிரூட்டியாகப் பயன்படுத்தும் புதிய மாடல்களில் நல்லவை அதில் பாதியோடு நின்றுவிடுகின்றன. நாளைக்கு 10 யூனிட் வித்தியாசம் என்று வைத்தால் ஆண்டுக்கு 3650 யூனிட், பத்து ஆண்டில் 36,500 யூனிட். இழுத்த மின்சாரம் முழுக்க வெப்பமாக அந்த அறையிலேயே வெளியேறுவதால், அதைத் தணிக்க ஏசி தனியாக ஓட வேண்டும். அந்தக் கணக்கு வேறு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் மலிவான ஃப்ரீசரே வந்து சேர்கிறது? வாங்குகிற பணம் பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து போகிறது, மின்கட்டணத்தைப் பல்கலைக்கழகம் பொதுவாகக் கட்டுகிறது. வாங்கும்போது மிச்சம் பிடித்தால் அது அவர் திட்டத்துக்கு லாபம், ஓடும்போது ஆகிற செலவு அவர் கண்ணில் படுவதே இல்லை. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கணக்குத் தலைப்புகளை அப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்.

நாங்கள் செய்தது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. டெண்டரிலேயே ஒரு சூத்திரத்தை அச்சிட்டோம்: கேட்கும் விலையோடு, சோதனை அறிக்கையின்படி ஒரு நாளைக்கு ஆகும் யூனிட்டுக்கான மின்செலவைப் பத்து ஆண்டுக்குக் கணக்கிட்டுக் கூட்டி, அந்த மொத்தத்தில் யார் குறைவோ அவருக்கே ஆர்டர். ஆய்வக ஃப்ரீசர்களை அளக்க, மின்சிக்கனக் கருவிகளுக்குத் தரப்படும் எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கென்று தனி சோதனை முறை இருக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. குறைந்த விலைக்கே ஆர்டர் என்ற விதியில் நாங்கள் கை வைக்கவில்லை, எதை விலை என்று சொல்கிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிட்டோம். முதல் முறை இப்படிப் போனபோது நிதிப் பிரிவிலிருந்து ஆட்சேபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் வேறு மாதிரி: "ஏன் பத்து ஆண்டு? அங்கே பதினைந்து ஆண்டாக ஓடுகிற ஃப்ரீசர் இருக்கிறதே" என்றார் நிதி அலுவலர். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமான ஆட்சேபம்தான்.

இன்னொரு வரியும் சேர்த்தோம், அதற்குத்தான் சண்டை அதிகம். புதிய ஃப்ரீசர் வந்து இறங்கும்போது பழையது எது வெளியேறப்போகிறது என்று இண்டென்டிலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் ஓடும், பழையதும் ஓடும். ஒரு ஆய்வகப் பொறுப்பாளர் நேரில் வந்து, "சார், பழைய ஃப்ரீசர்ல மாதிரிகள் இருக்கு, தூக்கிப் போட முடியாது" என்றார். "யாருடைய மாதிரிகள் மேடம்?" என்று கேட்டேன். பட்டியல் எடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் எப்போதோ படிப்பை முடித்துவிட்டுப் போன மாணவர்களுடையவை. லேபிளில் தேதி இல்லை, சிலவற்றில் பெயரே அழிந்திருந்தது. ஒழுங்குபடுத்தியபோது இருக்கிற ஃப்ரீசர்களிலேயே இடம் வந்துவிட்டது. அந்த இண்டென்டை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். மாதிரிகள் தாங்கும் என்று ஆய்வாளர்களே சொன்ன இடங்களில் வெப்பநிலையையும் மைனஸ் 80 இலிருந்து மைனஸ் 70 க்கு மாற்றினார்கள். அந்தப் பத்து டிகிரியில் ஏறத்தாழ 30 சதவீத மின்சாரம் மிச்சமாகிறது. இதற்கு டெண்டரும் தேவையில்லை, பணமும் தேவையில்லை.

ரசாயனங்களிலும் அதே கதைதான். அங்கேயும் மலிவுதான் வில்லன். 500 மில்லி பாட்டிலைவிட இரண்டரை லிட்டர் பாட்டிலில் மில்லிக்கு விலை குறைவு என்று பெரியதை எழுதிவிடுவார்கள். பயன்படுத்துவது கால்வாசி, மீதி அலமாரியில். டைஎத்தில் ஈதர் போன்றவை திறந்து வைத்த பிறகு காற்றோடு சேர்ந்து பெராக்சைடு உண்டாக்கும், அது வெடிக்கக்கூடியது. திறந்த தேதி எழுதாத ஒரு ஈதர் பாட்டில் அலமாரிக்குள்ளே இருந்தால், மூடியைத் திருகிப் பார்க்கக்கூட யாரும் துணியக் கூடாது. அபாயகரக் கழிவை எடுத்துப்போக உரிமம் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் போடுகிற பில்லைப் பார்த்தால், பெரிய பாட்டிலில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியும். இப்போது ரசாயன இண்டென்ட் வந்தால், மற்ற துறைகளின் இருப்புப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆர்டர். அடுத்த கட்டடத்தில் சீல் உடைக்காத பாட்டில் இருப்பது எத்தனையோ முறை தெரியவந்திருக்கிறது. பாதரச வெப்பமானிகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம், அவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020 க்குள் நிறுத்தச் சொன்னது, நாங்கள் தனியாக வாதாட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் சான்றிதழ்கள். இந்த விஷயத்தில் விற்பனையாளர்களிடம் பொறுமையாகப் பேச நான் பழகிக்கொண்டது இந்த வேலையில்தான். "பசுமைப் பொருள் என்பதற்கு ஆதாரம் கொடுங்கள்" என்றால், பத்தில் பல பேர் நீட்டுவது ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ். அது அந்த நிறுவனம் தன் சுற்றுச்சூழல் வேலைகளை ஒரு முறையோடு நிர்வகிக்கிறது என்று சொல்வது. அங்கே தயாராகிற நாற்காலியைப் பற்றியோ பிரிண்டரைப் பற்றியோ அது ஒன்றும் சொல்வதில்லை. பொருளுக்கு வேண்டியது வேறு. ஐஎஸ்ஓ 14024 சொல்கிற வகையில், மூன்றாம் தரப்பு ஒன்று அளவுகோல் வைத்துச் சோதித்துத் தருகிற முத்திரை. 1978 இல் ஜெர்மனியில் தொடங்கிய புளூ ஏஞ்சல் இந்த வகையில் மூத்தது. மரப்பொருளுக்கும் காகிதத்துக்கும் எஃப்எஸ்சி, கணினிகளுக்கு எபீட் என்று அந்தந்தப் பொருளுக்கு உண்டு. தானே அச்சடித்துக்கொள்கிற பச்சை இலைப் படத்துக்கும் இவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை டெண்டரில் ஒரே வரியில் எழுதலாம்: இன்ன முத்திரை, அல்லது அதற்கு இணையான மூன்றாம் தரப்புச் சான்று. "அல்லது இணையான" என்பதை விட்டுவிடக் கூடாது. விட்டால் ஒரே ஒரு நிறுவனத்துக்காக எழுதிய டெண்டர் என்று புகார் வரும்.

முத்திரை உண்மையாகவே இருந்தும் பயனில்லாமல் போவதும் உண்டு. கருத்தரங்குகளுக்கு மக்கும் கோப்பை வேண்டும் என்று ஒரு துறை பிடிவாதம் பிடித்தது. பிஎல்ஏ என்கிற தாவரப் பிளாஸ்டிக்கில் செய்தவை, சான்றும் சரி. ஆனால் அது மக்குவதற்கு 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இயங்கும் தொழில்முறை உரக்கிடங்கு வேண்டும். எங்கள் குப்பை போகிற இடத்தில் அப்படி எதுவும் இல்லை. மற்ற பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சியையும் அது கெடுக்கும். கழுவிப் பயன்படுத்துகிற கோப்பைகளும் கழுவ ஒரு ஆளும் போதும் என்று நான் எழுதினேன். கோப்பைகள் வந்தன. ஆளுக்கான அனுமதி இன்னும் கோப்பில் இருக்கிறது.

காகிதத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) என்றால் தாளுக்கு 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. 70 ஜிஎஸ்எம் போதும் என்று மாற்றினால் கட்டுக்கு 300 கிராமுக்கு மேல் குறைகிறது. ஆயிரம் கட்டுக்கு 300 கிலோவுக்கும் கூடுதல். மறுசுழற்சிக் காகிதம் மெஷினில் சிக்குகிறது என்ற புகார் வரும். எங்கள் அனுபவத்தில் கட்டைப் பிரித்து மேஜையில் போட்டு வைப்பதுதான் பாதிக் காரணம், தாள் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடுகிறது. ஆனால் காகிதத்தை மாற்றியதைவிடப் பலன் தந்தது, எல்லாப் பிரிண்டர்களிலும் இருபக்க அச்சைத் தானாக வரும்படி வைத்ததுதான். ஒரு பக்கம் வேண்டுமென்றால் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

கணினிகளில் எனக்கு உறுதியான ஒரு அபிப்பிராயம் உண்டு. மடிக்கணினியின் வாழ்நாள் கார்பனில் பெரும்பங்கு அது தயாராகும்போதே செலவாகிவிடுகிறது. அதனால் எவ்வளவு சிக்கனமான மாடல் என்பதைவிட எத்தனை ஆண்டு ஓட்டுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு வாரன்ட்டிக்குப் பதில் ஐந்து ஆண்டு, பேட்டரியையும் நினைவகத்தையும் கழற்றி மாற்றும் வசதி, உதிரி பாகம் கிடைக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி ஆகிய மூன்றையும் ஸ்பெசிஃபிகேஷனில் சேர்த்திருக்கிறோம். இதையெல்லாம் கெடுப்பது நிதியாண்டின் கடைசி மாதம். செலவழிக்காத பணம் திரும்பப் போய்விடும் என்ற பயத்தில் அந்த மாதம் வருகிற இண்டென்ட்களில் தேவை என்பதற்கே இடமில்லை. பணத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போக அனுமதித்தால் பாதி தீரும் என்று பல கூட்டங்களில் சொல்லிவிட்டேன். அது கொள்முதல் பிரிவின் கையில் இல்லை.

பெரிய டெண்டர்களுக்கு இவ்வளவு செய்தாலும், டெண்டருக்கான தொகை வரம்புக்குக் கீழே வருகிற சிறு கொள்முதல்கள் எங்கள் கண்ணில் படாமலேயே போய்க்கொண்டிருந்தன. பேனா, டோனர், கையுறை, பெட்டி பெட்டியாக ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக். ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வாங்கி, தினமும் வாசலில் வண்டி நிற்கும். இப்போது ஒரு பொதுப் பட்டியல் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பொருளிலும் நாங்கள் பார்த்துத் தேர்ந்தது முதலில் வரும், அதைத் தவிர்த்து வேறு வேண்டுமென்றால் அதற்கென உள்ள கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரே நாள் டெலிவரி, அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் கொண்டுவந்தவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும். டோனருக்குப் பெட்டி விலையைப் பார்க்காமல் பக்கத்துக்கு என்ன ஆகிறது என்று பார்த்து எடுக்கிறோம். அதில் ஒரு எச்சரிக்கை: பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, தாளில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் மை இருக்கும் என்ற சோதனைக் கணக்கு. வரைபடங்கள் அச்சடிக்கும் துறைகளுக்கு அது பொருந்தாது.

காரணம் எழுதும் கட்டத்தில் வருபவற்றை மாதாமாதம் படிக்கிறேன். "அவசரம்" என்பதுதான் அதிகம். சில உண்மையான காரணங்களும் வருகின்றன: பட்டியலில் உள்ள கையுறை குறிப்பிட்ட ஒரு கரைப்பானைத் தாங்கவில்லை என்று வேதியியல் துறை சோதனை முடிவோடு எழுதியிருந்தது. அதை அப்படியே அடுத்த டெண்டரின் ஸ்பெசிஃபிகேஷனில் ஏற்றிக்கொண்டோம்.