சென்சஸ் படிவமும் எங்கள் வீட்டு ஆங்கிலமும்

'பதிலளிப்பது சட்டப்படி கட்டாயம்' என்று உறையில் அச்சிட்டு மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் அமெரிக்க சென்சஸ் பீரோவிடமிருந்து கடிதம் வந்தால் பதற வேண்டாம். விசா சிக்கல் எதுவும் இல்லை. அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற கணக்கெடுப்பு இது; ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகிறது. மேற்குக் கான்சஸில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்தது. கடிதத்தில் உள்ள எண்ணைப் போட்டு இணையத்திலேயே நிரப்பிவிடலாம்.

யார் யாரைச் சேர்ப்பது என்பதுதான் முதல் குழப்பம். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் அத்தையைச் சேர்க்க வேண்டுமா? வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்களுக்கு வேறு வீடு இருந்தாலும் இங்கேதான் கணக்கு. குடியுரிமையையும் கேட்பார்கள். ஆனால் தனிநபர் பதில்களைக் குடிவரவுத் துறைக்குக்கூடத் தரக் கூடாது என்பது சட்டம். இதைச் சொன்ன பிறகுதான் அத்தை முகம் தெளிந்தது.

அடுத்து மொழி. ஐந்து வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே இந்தக் கேள்வி என்பதால் எங்கள் வீட்டு வாயாடி தப்பித்தாள். வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசுகிறாரா, எந்த மொழி, ஆங்கிலம் எப்படிப் பேசுவார்? மிக நன்றாக, நன்றாக, அவ்வளவு நன்றாக இல்லை, அறவே இல்லை என்று நான்கு கட்டங்கள். தேர்வெல்லாம் கிடையாது, நாம் சொல்வதுதான்.

இவர் இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் வைத்தியம். "என் உச்சரிப்பு இங்க பாதிப் பேருக்குப் புரியறதில்ல, 'நன்றாக'ன்னே போடு" என்றார். நான் விடவில்லை. ஏனென்றால் பதில்களைத் தொகுத்து வெளியிடும் அட்டவணையில் 'மிக நன்றாக' மட்டும் ஒரு பக்கம். மற்ற மூன்றையும் கூட்டி, ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்கள் என்று மறுபக்கம் போட்டுவிடுவார்கள். இவருடைய தன்னடக்கம் இவரை ஒரு வார்த்தையும் தெரியாதவரோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடும். அத்தையோ, "வால்மார்ட்ல நானே பேசி மாத்திட்டு வரலையா?" என்று 'நன்றாக'வில் பிடிவாதமாக நின்றார். அவர் விருப்பப்படியே போட்டேன்.

இந்த எண்களுக்கு வேலை இருக்கிறது. டாட்ஜ் சிட்டி இருக்கும் ஃபோர்டு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இறைச்சி ஆலைகளை நம்பி வந்த ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் ஏராளம். அங்கே வாக்குச்சீட்டு ஸ்பானிஷிலும் வருவதற்கு இந்தக் கணக்கும் ஓர் அடிப்படை. வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களில் ஆங்கிலம் போதாதவர்கள் ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறார்களா என்று இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

நம் தமிழைக் கவுண்டி சுருக்க அட்டவணையில் தேடினால் கிடைக்காது. 'ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' என்ற வரியில் சீனத்தோடு கலந்திருக்கும். இந்தியோ 'பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகள்' வரியில். அதுவும் ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. எங்களைப் போன்ற சின்னக் கவுண்டிகளில் பிழை வரம்பு, அதாவது மதிப்பீடு முன்பின் தவறக்கூடிய அளவு, எண்ணிக்கையையே மிஞ்சிவிடுவதும் உண்டு.

நிரப்ப உட்காரும்போது கரண்ட் பில்லையும் வருமானக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கேட்பார்கள். பதில் போடாமல் விட்டால் வீட்டுக்கே ஆள் வரக்கூடும்.