ஊசி எப்போது ஏறுகிறது?

சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைக் கராஜ்களில் "கார் ஹீட் ஆகிறது" என்ற முறைப்பாடு கூடிவிடும். ரேடியேட்டரில் கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி ஏறுவது கார் நிற்கும்போதா, ஓடும்போதா?

நகர நெரிசலில் நிற்கையில் ஏறிய ஊசி, நிலாவெளி வீதியில் வேகமெடுத்ததும் இறங்கினால், சந்தேகம் ரேடியேட்டரின் மின்விசிறி மீதே விழ வேண்டும். ஓடும் காருக்கு எதிர்க்காற்றே போதும். ஒரே விசிறியுள்ள சிறிய கார்களில் ஏசியைப் போட்டதும் அது சுழல வேண்டும். சுழலாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார் என்று பார்த்துச் செல்லலாம். ஏசிக்குச் சுழன்று, சூட்டுக்கு மட்டும் சுழலாவிட்டால் மோட்டாரில் பிழையில்லை. பெரும்பாலும் வெப்ப உணரியோ அதன் வயரோதான் காரணம்.

மாறாக, கந்தளாய்ப் பக்கம் நீண்ட ஓட்டத்தில் ஊசி ஏறினால், நீரோட்டமோ காற்றோட்டமோ தடைப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கடற்கரையோரம் நிறுத்தப்படும் கார்களில் நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டரின் தகடுகளைத்தான். முன்னால் ஏசி கண்டென்சர் மறைத்து நிற்பதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. விசிறிப் பக்கமிருந்து டோர்ச் அடித்து விரல் நுனியால் தொட்டால், உப்பு அரித்த அலுமினியம் வெண்பொடியாக உதிரும். அப்படிப்பட்ட ரேடியேட்டரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். உள்ளே ஏற்படும் அடைப்புக்கு, கூலண்டுக்கு (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பதிலாக ஆண்டுக்கணக்கில் ஊற்றிய கிணற்று நீரின் படிவும் ஒரு காரணம்.

எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழக்கம், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்கான நீரோட்டத்தை அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது இல்லாத எஞ்சின் உரிய சூட்டை அடையத் தாமதமாகும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். போதாக்குறைக்கு உண்மையான பிழையும் மறைந்துகொள்ளும். அதைச் சோதிக்க, நூலில் கட்டி, சட்டியிலுள்ள நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதில் பொறிக்கப்பட்ட வெப்பநிலையை (பல கார்களில் 82 அல்லது 88 பாகை செல்சியஸ்) ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதித்தும் திறக்காததை மாற்றிவிடலாம்.

விலை குறைந்ததாலோ என்னவோ, ரேடியேட்டர் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூடி ஏறத்தாழ 1 பார் மேலதிக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால், வெறும் நீர்கூட 120 பாகை வரை கொதிக்காது. ரப்பர் வளையம் வெடித்த மூடியால் அது இயலாது. சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக்கூடாது என்பதும் இதனால்தான்: அழுத்தம் விடுபட்ட கணமே நீர் கொதித்து முகத்தில் பீறிடும்.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் எங்கும் ஒழுக்கில்லை என்றால், எஞ்சின் நன்றாக ஆறிய பின் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொடக்கத்தில் சிறிது காற்று வெளியேறுவது இயல்பு. குமிழிகள் ஓயாமல் வந்தால், அல்லது எஞ்சின் எண்ணெய் பால்தேநீர் நிறமாகியிருந்தால், ஹெட் கஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் காரை ஓட்டிச் செல்லாமல் கட்டி இழுத்துச் செல்வதுதான் மலிவு.