சித்தப்பாவின் கட்டிலோரம்

2025 கோடையில் பெங்களூரா மாங்காயின் விலை சரிந்து, பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூடக் கட்டுப்படியாகாமல் போனபோது, காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கும் என் சித்தப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். மல்கோவாவைப் போலப் பெங்களூராவைக் கூடையில் வைத்துக் கூவி விற்றுவிட முடியாது. அதில் பெரும்பகுதி மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் போவது என்பதால், ஆலைகள் கொள்முதலைக் குறைத்தால் விவசாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. காய்கள் மரத்தடியிலேயே அழுகின. கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வரத் தொடங்கினார்கள்.

முதலில் போன இரண்டு முறையும் நான் தவறுதான் செய்தேன். "எல்லாம் சரியாயிடும் சித்தப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். மாற்றுப் பயிர், வங்கிக் கடன் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கன்று நட்ட நாளிலிருந்து அந்த மரங்களோடு வாழ்ந்தவருக்கு நான் சொன்ன எதுவும் புதிதல்ல என்பதும், அவர் துக்கத்தைப் பார்க்க மாட்டாமல்தான் நான் அவசர அவசரமாக ஆறுதல் சொன்னேன் என்பதும் பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எதுவும் பேசுவதில்லை என்ற முடிவோடு போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, காய் பறிக்கும் தொரட்டியின் கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சைப் போடுவார், சரியில்லை என்று அவிழ்ப்பார், அதையே மறுபடி போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். சித்தி கொண்டுவந்து வைத்த களியும் கீரைக் கடைசலும் ஆறிக்கொண்டிருந்தன. அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கும், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "ராத்திரியில தூக்கமே வர்றதில்ல கண்ணு."

அந்த ஒரு வரிக்காகத்தான் நான் காத்திருந்தேன் போலும். அதற்கு மேல் கேட்கத் தயக்கமாகத்தான் இருந்தது. தற்கொலை பற்றி வாய்விட்டுக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நம் பக்கத்தில் பலரும் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதையும், நேரடியாகக் கேட்பது பெரும்பாலும் அவர்களுடைய பாரத்தைக் குறைக்கவே செய்கிறது என்பதையும் முன்பே படித்திருந்தேன். ஆகவே குரலைத் தாழ்த்தி, "உயிரை விட்டுடலாம்னு எப்பவாவது தோணுதா சித்தப்பா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "சில நாள் தோணுது" என்றார். நான் பதறவில்லை, பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று உபதேசமும் செய்யவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலையே சித்தியிடம் சொல்லி, வீட்டிலிருந்த பூச்சிமருந்து டப்பாக்களைப் பங்காளி வீட்டுக்கு மாற்றினோம். அன்றிரவு அவரைத் தனியே விடாமல் நானும் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் அவரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். "பைத்தியத்துக்குப் பார்க்கிற இடமா?" என்று ஒருமுறை கேட்டார், தூக்கம் வராததற்கும் பார்க்கிற இடம்தான் என்றேன், அது உண்மையும் கூட. வரிசையில் அவருடைய சீட்டை நான் வைத்துக்கொண்டேன். மருத்துவர் அறைக்குள் அவர் தனியாகவே போக விரும்பியதால் வெளியே காத்திருந்தேன். வெளியே வந்தவர் உள்ளே என்ன பேசினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அருகில் இல்லாத இரவுகளுக்காக, 14416 என்ற எண்ணைச் சித்தியின் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும், தொலைபேசி வழியாக மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவை அது. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. தவிப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரும் அழைக்கலாம். ஓர் இரவு சித்தியே அழைத்துப் பேசியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். சில வாரங்களில் பேசுகிறார், சில வாரங்களில் தோப்பைச் சுற்றி நடந்துவிட்டு வருவதோடு சரி. அடுத்து மருந்து வாங்கப் போக வேண்டிய தேதியைச் சித்தி நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு நானும் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.