குடியுரிமைப் படிவத்தில் ஐந்து வருடம்

கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆவதற்கு 90 நாள் முன்பே அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நானும் அப்படித்தான் விண்ணப்பித்தேன். படிவத்தில் என்னைப் படுத்தியது பயணப் பட்டியல்தான். ஐந்து வருடத்தில் எப்போது வெளிநாடு போனோம், எப்போது திரும்பினோம் என்று தேதியோடு எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் பாதி முத்திரை மங்கிப் போயிருந்தது. பழைய டிக்கெட் மின்னஞ்சல்களைத் தேடி எடுக்க ஒரு வாரம் ஆனது. ஊருக்குப் போகும்போதே தேதிகளைக் குறித்து வைத்துவிடுங்கள்.

கைரேகை முடிந்தது. அப்புறம் நேர்காணலுக்குப் படிப்பு. நான் தேர்வுக்குப் போனபோது அமெரிக்க வரலாறு, அரசு பற்றிய பட்டியலில் 100 கேள்விகள். அப்போது அதில் 10 வரை கேட்டார்கள், 6 சரியாகச் சொன்னால் போதுமாக இருந்தது. மனப்பாடம் செய்வது கஷ்டமில்லை. ஆனால் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் சட்டத்திருத்தம் தரும் உரிமை ஒன்றைச் சொல் என்ற கேள்வியில் நின்றுவிட்டேன். அதைத் தேடிப் போனபோதுதான் 1798 கண்ணில் பட்டது.

பேச்சுரிமை சாசனத்தில் ஏறி ஏழே வருடம். பிரான்சோடு போர் மூளும் என்ற பயத்தில், ஆளும் பெடரலிஸ்ட் கட்சி ஒரு சட்டம் போட்டது. அதிபரையோ காங்கிரஸையோ அவதூறாக எழுதினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த நாற்காலியில் இருந்தவர் எதிர்க்கட்சியின் ஜெபர்சன்! அயர்லாந்தில் பிறந்து வெர்மான்டிலிருந்து காங்கிரஸுக்குப் போன மாத்யூ லயனுக்கு நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். அவர் உள்ளே இருக்கும்போதே மக்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது.

அதே கோடையில் குடியுரிமைக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து 14 வருடமாக்கினார்கள். புதிதாக வந்த அயர்லாந்துக்காரர்கள் ஜெபர்சன் பக்கம் சாய்ந்ததுதான் முக்கியக் காரணம். ஜெபர்சன் அதிபரான பிறகு, 1802இல், மறுபடி ஐந்தானது. நான் எண்ணி எண்ணிக் கழித்த ஐந்து வருடம் அங்கிருந்து வந்தது. (அன்றைய சட்டம் வெள்ளையருக்கு மட்டும்தான். இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 1946இல்.)

நேர்காணலில் அதிகாரி அந்தக் கேள்வியையே கேட்டார். "பேச்சுரிமை" என்றேன். தலையசைத்து அடுத்ததற்குப் போனார். ஆறு பதில்கள் சரியானதும் கேள்விகளை நிறுத்திவிட்டு, ஒரு வாக்கியம் படிக்க, ஒன்று எழுதச் சொன்னார். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அடுத்த மாதம் உறுதிமொழி எடுத்தேன். அன்றே, அரங்கத்தின் வாசலில் போட்டிருந்த மேஜையில், வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன்.