ஆய்வகத்தில் உரிமம் வாங்கி உலர்த்தி செய்த கதை

கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. கேட், ஷெட், ட்ரஸ் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்துக்கு ஷெட் போடப் போனபோது அந்தக் களத்துக்காரர் புலம்பியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வெயிலில் காயவைத்தால் ஆறேழு நாள், நடுவில் ஒரு மழை பெய்தால் பூஞ்சை, பூஞ்சைக்குப் பயந்து கந்தகப் புகை போட்டால் நல்ல எண்ணெய்க்காரர் தொடமாட்டார். உடைத்த தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை 6 சதவீதத்துக்கு இறக்கினால்தான் அரசுக் கொள்முதலுக்கே கொண்டுபோக முடியும்.

பாலிகார்பனேட் ஷீட் போட்ட சூரிய கூடார உலர்த்தி ஏற்கெனவே ஊரில் இருக்கிறது, மானியமும் உண்டு. ஆனால் பொழுது சாய்ந்தால் உள்ளே குளிர்ந்துவிடும், ஈரம் ஷீட்டில் படிந்து சொட்டும். ஒரு மத்திய அரசு ஆய்வகம் (பெயர் வேண்டாம்) இதற்கு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. தளத்துக்கு அடியில் ஜல்லிப் படுகை, பகலில் சூடான காற்றை ஃபேன் வைத்து அதற்குள் ஓட்டிக் கல்லைச் சூடாக்குவது, இரவில் அதே சூட்டைத் திருப்பி எடுப்பது. அவர்களுடைய இணையதளத்தில் 'உரிமத்துக்குத் தயார்' என்று போட்டிருந்தார்கள்.

இரண்டு மின்னஞ்சல் போட்டோம், பதில் இல்லை. நேரில் போனோம். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லவேண்டும். முதலில் முத்திரைத்தாளில் ரகசியக் காப்பு ஒப்பந்தம், அதற்குப் பிறகுதான் வரைபடத்தையே கண்ணில் காட்டுவார்கள். அப்புறம் உரிமக் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, விற்கிற ஒவ்வொன்றுக்கும் ராயல்டி. கட்டணம் ஒரு நல்ல பழைய டெம்போ வாங்குகிற காசு.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "காசையும் நாம கட்டுறோம், நாளைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரனுக்கும் இதையே குடுப்பாங்கன்னா நமக்கு என்னடா?" நியாயமான கேள்வி. மக்கள் வரிப்பணத்தில் செய்த ஆராய்ச்சியை ஒருத்தர் கையில் மட்டும் கொடுத்து, அவர் அதைப் பரணில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நமக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தால் கட்டணம் எகிறியிருக்கும். எங்களைப் போன்ற சின்ன ஆளுக்குப் பலருக்கும் கொடுக்கிற பொது உரிமமே சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நாங்கள் உண்மையில் சண்டை போட்டது ஒரே ஒரு சொல்லுக்காக. ராயல்டி 'விற்பனை விலை'யில் இத்தனை சதவீதம் என்றிருந்தது. எந்த விலை? காங்கேயத்துக்கு லாரி வாடகை, கான்கிரீட், பொருத்துக்கூலி, வரி எல்லாம் பில்லில் சேருமே, அதற்கும் ராயல்டியா? பட்டறை வாசல் விலைக்கு மட்டும் என்று மாற்றக் கேட்டோம். கமிட்டிக்குப் போய்வர மூன்று மாதம் ஆனது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்த வரியைப் படியுங்கள். இன்னொன்று, நாம் செய்கிற மேம்பாட்டை ஆய்வகத்துக்குத் திருப்பிச் சொல்லவேண்டும் என்றொரு வரி. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டேன்.

கையில் கிடைத்தது ஒரு ஃபைல், ஒரு பென் டிரைவ், இரண்டு நாள் பயிற்சி. தொழில்நுட்ப முதிர்ச்சி நிலை என்று 1 முதல் 9 வரை ஒரு கணக்கு உண்டு, அதில் இது 7 என்று எழுதியிருந்தது. 7 என்றால் உண்மையான இடத்தில் ஓடிக் காட்டிய முன்மாதிரி. விசாரித்தால் அது ஓடியது ஆய்வக வளாகத்துக்குள், காய்ந்தது மிளகாய். மிளகாய் எங்கே, கொப்பரை எங்கே! கொப்பரையை எடுத்த எடுப்பில் அதிகச் சூட்டில் போட்டால் மேல்பக்கம் இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும், களத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஃபைலில் ஒரு வரி இல்லை.

வங்கியில் மெஷின் வாங்கக் கடன் கொடுப்பார்கள், முதல் உருப்படியைச் செய்து பார்க்கக் கொடுக்கமாட்டார்கள். மானியம் வேண்டுமென்றால் பட்டியலில் இருக்கிற வடிவமாக இருக்கவேண்டும், எங்களுடையது புது வடிவம். கடைசியில் அந்தக் களத்துக்காரரே பொருள் செலவை மட்டும் கொடுத்தார், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பிரித்து மாட்டலாம் என்ற பேச்சோடு.

வரைபடத்தில் இருந்தபடியே செய்தோம். ஓடவில்லை. ஃபேன் சுற்றுகிறது, படுகைக்குள் காற்று போகவே இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே வெளியே ஒரே சூடு.

விஞ்ஞானியைக் கூப்பிட்டால் கூட்டத்தில் இருந்தார். அவர்தான் ஒரு எண் கொடுத்தார், முன்மாதிரியைக் கையால் செய்த டெக்னீஷியனுடையது. ஓய்வுபெற ஒரு வருடம் இருந்த மனிதர், காப்புரிமையிலும் கட்டுரையிலும் பெயர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். ஜல்லியில் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கழுவுனீங்களா?" என்றார். கழுவவில்லை. வரைபடத்தில் '20 மி.மீ. ஜல்லி' என்றுதான் இருந்தது. அவர் அங்கே சலித்து, கழுவி, காயவைத்துப் போட்டிருக்கிறார், யாரும் எழுதி வைக்கவில்லை. குவாரியிலிருந்து வந்த முக்கால் ஜல்லியை (முக்கால் அங்குலம், அதாவது அந்த 20 மி.மீ.) நாங்கள் தூசியோடு கொட்டியிருந்தோம், சந்துகள் எல்லாம் அடைத்துவிட்டது. "இவ்வளவு பெரிய படுகைக்கு ஒன்றரை ஜல்லியே போடுங்க, காத்து லேசாப் போகும்" என்றார். மதியம் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றையும் கண்டுபிடித்தார், ஒரு பக்க ஷீட்டில் புற ஊதா பூச்சு இருக்கிற முகத்தை உள்பக்கமாக மாட்டியிருந்தோம். அது முழுக்க எங்கள் தப்பு.

மொத்தப் படுகையையும் அள்ளி வெளியே கொட்டி, ஒன்றரை அங்குல, அதாவது 40 மி.மீ. ஜல்லியைக் கழுவிப் போட ஐந்து நாள். முதல் நாள் சூடு ஏறாமல் இருக்க ஜன்னல் திறக்கிற முறையைக் களத்துக்காரரே சொன்னார். மூன்றரை நாளில் கொப்பரை காய்ந்தது. அவர் ஈரமானியைக்கூட நம்பவில்லை, ஒரு துண்டை ஒடித்துச் சத்தம் கேட்டார்.

இதுவரை ஒன்பது விற்றிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ராயல்டிக் கணக்கு அனுப்புகிறோம். அந்த ஒப்பந்த வரிப்படி, பேனாவால் திருத்திய வரைபடத்தை ஸ்கேன் செய்து ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், அவரும் இதே உரிமம் வாங்கியிருக்கிறாராம். "சார், டிராயிங்ல 'ஒன்றரை ஜல்லி, கழுவிப் போடவும்'னு பேனால எழுதியிருக்கே, அது உங்க கையெழுத்தா?"

கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்லி, டெக்னீஷியன் அண்ணனுடைய எண்ணைக் கொடுத்தேன்.